பல்லுக்கும் முகத்துக்கும் ஒரே பிரிவு

நீதிமன்ற ஊழியர்கள் சேர்ந்து ஆண்டு மலர் போடுகிறார்களாம். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். "மேடம், பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்களேன். படிக்க ஜாலியா இருக்கணும்." ஜாலியாக! குற்றவியல் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாகக் காலம் தள்ளியவளிடம் கேட்கிற கேள்வியா இது? சரி போகட்டும் என்று நான் பேச்சை மாற்ற, ஆசிட் வழக்கு ஒன்று வந்திருப்பதாக அவள் சொன்னாள். "இப்பல்லாம் சட்டம் மாறிடுச்சு மேடம், குறைஞ்சது பத்து வருஷம். அதெல்லாம் எதுக்கு? சுட்டுத் தள்ளிட்டா கேஸே முடிஞ்சுது."

போனை வைத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவள் மீது மட்டுமில்லை. இந்தச் "சுட்டுத் தள்ளணும்" பேச்சை நான் எத்தனை வாயில் கேட்டிருக்கிறேன், அந்த வாய்களெல்லாம் பிறகு என்ன செய்தன என்று பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போட மனமில்லை என்றால் தாராளமாகக் கிழித்துப் போடட்டும்.

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தேன், தேர்வு எழுதினேன், எண்பதுகளின் நடுவில் தாம்பரம் பக்கத்துக் கோர்ட் ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்துக் கட்டடம். மின்சார ரயில் போகும்போது சாட்சி, வக்கீல், மாஜிஸ்திரேட் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

சாட்சி சொல்வது எப்படித் தாளில் ஏறுகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. சாட்சி தன் பேச்சில் சொல்வார். மாஜிஸ்திரேட் அதைக் கோர்ட்டுத் தமிழாக்கிச் சொல்வார். கார்பன் வைத்த தாள்களில் நான் அதை அடிப்பேன். "என்னைப் போட்டு சாத்து சாத்துன்னு சாத்தினான் சார், உசுரே பூட்ச்சு" என்று ஒருவர் குமுறினால், "எதிரி என்னைக் கையால் தாக்கினார்" என்று வரும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் பாஷையில் எதிரி என்று பெயர். குறுக்கு விசாரணையில் இன்னும் வேடிக்கை. எதிரியின் வக்கீல் ஒரு கதையைச் சொல்லி "இதுதானே உண்மை?" என்பார். சாட்சி இல்லை என்பார். "நான் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று அடிக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை "சரியல்ல" அடித்திருக்கிறேன் என்று கணக்கே கிடையாது.

நான் வேலை பார்த்த மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். பிக்பாக்கெட் கேஸில் வருகிறவனையும் "நீங்க" என்பார். அதைப் பார்த்து வக்கீல்களுக்குச் சிரிப்பு. சாட்சி பேசுவதை முழுக்கக் கேட்பார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார், அப்புறம்தான் சொல்லத் தொடங்குவார். கோபம் வந்தால் தண்ணீர் குடிப்பார். மற்றவர்கள் எல்லாம் "வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கு" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். இவர் சாட்சியின் வாக்குமூலத்தைத் தானே வாசித்துவிட்டு, "நீங்க சொன்னது இதுதானா? எதாவது மாத்தணுமா?" என்று கேட்பார். வேலை நத்தை வேகத்தில் நகரும். எனக்கே பல நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் கற்பகத்தின் வழக்கு வந்தது.

கற்பகம் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. அம்மா ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை. எதிரியின் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை. படப்பைப் பக்கம் நிலத்தைப் பிளாட் போட்டு விற்றுப் பெரிய ஆளான குடும்பத்தின் ஒரே பிள்ளை, அது போதும். டைப் கற்றுக்கொள்ள வந்தவன் இவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றான். இவள் மாட்டேன் என்றாள். ஒரு சாயங்காலம் பேட்டரிக் கடையில் ஆசிட் வாங்கிக்கொண்டு மாடிப்படியின் அடியில் காத்திருந்தான்.

அவ்வளவுதான் கதை. கொலைகாரப் பாவிக்கு அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

அவள் முதல் தடவை கோர்ட்டுக்கு வந்த அன்று வராந்தாவில் நின்றவர்கள் தானாகவே விலகி வழி விட்டார்கள். ஒரு கண் போயிருந்தது. முந்தானையால் முகத்தை மூடவில்லை. அதுவே சிலருக்குப் பிடிக்கவில்லை, "மூடிக்கினு வந்தா இன்னா" என்று முணுமுணுத்தார்கள். கோர்ட் வாசலில் பேர் சொல்லிக் கூப்பிடும் எங்கள் டவாலி முனுசாமிக்குத்தான் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இன்னாக்கா இது அநியாயம்? இவன இட்டாந்து நடு ரோட்ல நிக்க வச்சு, அதே ஆசிட்ட மூஞ்சில ஊத்தணும். கேஸு இன்னாத்துக்கு, கோர்ட்டு இன்னாத்துக்கு?"

எனக்கும் அதே ஆத்திரம்தான், மறைக்க மாட்டேன். அவன் கூண்டில் தலையைப் படிய வாரி, சலவைச் சட்டையோடு நின்றான். என் டைப்ரைட்டரைத் தூக்கி அவன் தலையில் போட்டால் என்ன என்று கை பரபரத்தது. ஆனால் முனுசாமியிடம் கேட்டேன்: "ஊத்தணும்னா யார் ஊத்துறது? நீ ஊத்துவியா?" அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "அதுக்கு கவர்மெண்டுல ஒரு ஆளப் போடட்டும்" என்றான். "அந்த ஆளு சாயங்காலம் வூட்டுக்குப் போயி புள்ளைக்கு அதே கையால சோறு ஊட்டுவானா?" என்றேன். "போக்கா, நீ ஒண்ணு" என்று போய்விட்டான்.

கற்பகம் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். சொல்லத் தொடங்கினாள். நான் அடிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். என் மெஷினில் வரி முடியும் இடத்தில் மணி அடிக்கும், உருளையை நான் இழுத்துத் தள்ள வேண்டும். அந்த மணி அடித்தால் அவள் நிறுத்திவிடுகிறாள். நான் தள்ளி முடித்ததும் தொடர்கிறாள். தன்னை எரித்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும், எதிரே டைப் அடிக்கிறவளுக்காகக் காத்திருக்கிறாள்! தப்பில்லாமல் அடிக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மூஞ்சில ஊத்தினதும் கத்திக்கிட்டே கீழ விழுந்துட்டேன் சார். குப்புற. அவன் போகல. குனிஞ்சு, மீதி இருந்ததையும் கழுத்துலயும் முதுகுலயும் ஊத்தினான். 'செத்துத் தொலை, செத்துத் தொலை'ன்னான். பாட்டில் காலியாகுற வரைக்கும் நின்னான்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார். சொல்லவே தொடங்கவில்லை. ரயில் ஒன்று வந்து போயிற்று. அப்புறம் கேட்டார்: "இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். ஆஸ்பத்திரியில எழுத வந்தவரு, 'அதெல்லாம் வேணாம்மா, ஆசிட் ஊத்தினான்னு இருந்தா போதும், கேஸ் நிக்கும்'னாரு."

ஐயா தண்ணீர் குடித்தார்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. அந்தக் காலத்தில் ஆசிட்டுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. கொடுங்காயம் என்று ஒன்று உண்டு. கண் போனால் கொடுங்காயம், எலும்பு முறிந்தால் கொடுங்காயம், முகம் நிரந்தரமாக விகாரமானாலும் கொடுங்காயம். டீக்கடைச் சண்டையில் ஒரு பல் உடைந்தாலும் அதே கொடுங்காயம்தான். ஆசிட், கத்தி மாதிரி எதையாவது வைத்துச் செய்தால் பெரிய பிரிவு, முந்நூற்று இருபத்தாறு. ஆயுள் வரை தண்டனை என்று புத்தகத்தில் பிரமாதமாகப் போட்டிருக்கும். ஆனால் அந்த வழக்கை விசாரிப்பது யார்? எங்களைப் போன்ற மாஜிஸ்திரேட் கோர்ட். எங்கள் கோர்ட்டின் கைக்கு மூன்று வருஷத்துக்கு மேல் எட்டாது. தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பினால் கொஞ்சம் கூடும். கொலை முயற்சி என்று வழக்குப் போட்டிருந்தால்தான் நேராக செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கும். அங்கேதான் ஆயுள் தண்டனை கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனில் வழக்கு எழுதியவர் லஞ்சம் வாங்கினாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஆசிட் என்றால் முந்நூற்று இருபத்தாறு என்று கை பழகிப்போயிருந்தது, போட்டுவிட்டார். ஐயாவுக்கு முன்பு இருந்த மாஜிஸ்திரேட்டும் ஒரு நாளில் வரிசையாகக் குற்றச்சாட்டு வாசித்தபோது இதையும் அப்படியே வாசித்துவிட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தியை உயிரோடு கரைத்த பயல் மூன்று வருஷத்தில் வெளியே வர ஏற்பாடு மட்டும் பக்காவாக முடிந்திருந்தது.

அடுத்த வாய்தாவில் டாக்டர் சாட்சி சொன்னார். முன்பக்கக் காயம் வேறு, பின்கழுத்திலும் முதுகிலும் உள்ள காயம் வேறு, ஒரே வீச்சில் இரண்டும் வந்திருக்க முடியாது என்றார். எதிரி வக்கீல், மூடி சரியாக இல்லாததால் கை தவறிச் சிந்திவிட்டது என்று ஒரு கதை கட்டினார். "ஆசிட் தானாகச் சிந்தியது என்றால் சரியல்ல" என்று அடித்தேன். அந்த வரியை அடிக்கும்போது எழுத்துகள் தாளைக் கிழித்துக்கொண்டு கார்பன் வரை இறங்கிவிட்டன.

அன்று மத்தியானம் இடைவேளையில் வராந்தாவில் ஒரு கூட்டம். எதிரியின் அப்பா, அவரோடு ஊர்ப் பெரியவர்கள். கற்பகத்தின் அம்மாவைச் சுற்றி நின்றுகொண்டு தேன் ஒழுகப் பேசினார்கள்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. பையன் புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டான். அவனே கட்டிக்கிறேன்னு சொல்றான். நல்ல நாள் பாத்து முடிச்சுடுவோம். கேஸ வாபஸ் வாங்கிக்க."

சட்டப்படி இந்த வழக்கில் சமாதானமே கிடையாது என்பது அந்தப் பெரியவர்களுக்குத் தெரியாமலில்லை. சாட்சி பிறழ்ந்தால் போதும் என்பதும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த அம்மா பாவம், முந்தானையைக் கடித்துக்கொண்டு மகளிடம் வந்தாள்.

"நீ இன்னாடி சொல்ற? நாள பின்ன நான் பூட்டா உன்ன யாரு பாத்துக்குவாங்க? இந்த மூஞ்சிய யாரு கட்டுவான்?"

கற்பகம் கத்தவில்லை. "அம்மா, தண்டனை அவனுக்குத்தானே குடுக்கணும்? எனக்கு எதுக்குக் குடுக்குற?" என்றாள்.

அந்தப் பெரியவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மேடம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "உங்க பொண்ணக் குடுப்பீங்களா சார் அவனுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கோர்ட் ஊழியர் இப்படிப் பேசலாமா என்று அவர் ஐயாவிடம் புகார் சொன்னார். ஐயா என்னைக் கூப்பிட்டு, "பேசினீங்களா?" என்றார். "பேசினேன் ஐயா." "இனிமே கோர்ட் வளாகத்துல பேசாதீங்க" என்றார். அவ்வளவுதான். வளாகம் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார் என்று இன்றும் நான் நம்புகிறேன்.

அதற்கு அடுத்த வாய்தாவில் ஐயா திறந்த கோர்ட்டில் அரசு வக்கீலைப் பார்த்துச் சொன்னார்: "பதிவான சாட்சியத்தைப் பார்த்தால் இது கொலை முயற்சி. செஷன்ஸுக்கு அனுப்பலாம்னு நினைக்கிறேன். அனுப்பினா அங்க முதலிலிருந்து விசாரணை. அந்தப் பெண்ணுக்கு அது என்னன்னு விளக்கிச் சொல்லிட்டு வாங்க." அனுப்புவது அவருடைய அதிகாரம். அவளைக் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் சுபாவம் அப்படி.

அரசு வக்கீல் நேர்மையான மனிதர், ஒளிக்காமல் சொன்னார். பெண் துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"இங்கயே முடிச்சா சீக்கிரம் தீர்ப்பு வந்துடும்மா. அதிகபட்சம் மூணு வருஷம். மேல போனா எவ்வளவு நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. இங்க சொன்ன அத்தனையும் அங்க புதுசா சொல்லணும். இதே வக்கீல் இதே கேள்விய கேப்பாரு. அவன் விடுதலையாகவும் வாய்ப்பு இருக்கு."

"வாணாம் சார், இத்தோட விட்ருங்க. கொழந்த தாங்காது" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கற்பகம் கேட்டாள்: "மூணு வருஷம் எதுக்கு சார் குடுப்பாங்க?"

"கொடுங்காயம் ஏற்படுத்தினதுக்கு."

"பல்லு உடைஞ்சா?"

அரசு வக்கீல் சங்கடத்தோடு சொன்னார்: "அதுவும் கொடுங்காயம்தாம்மா."

"அப்ப நான் திரும்பச் சொல்றேன் சார். அவன் எனக்குக் காயம் பண்ண வரல. கொல்ல வந்தான். எவ்ளோ வருஷம் குடுக்குறாங்களோ குடுக்கட்டும். என்ன பண்ணானோ அதுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

ஐயா வழக்கை செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பினார்.

அனுப்பிய பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. வாய்தா, வாய்தா, இன்னொரு வாய்தா. ஒரு நாள் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் ஜட்ஜ் விடுப்பு, ஒரு நாள் எதிரிக்கு வயிற்றுவலி. அவன் ஜாமீனில் ஜாம்ஜாம் என்று திரிந்தான். அது மட்டுமா? அவனுக்குக் கல்யாணம் நடந்தது! குரோம்பேட்டையிலேயே பெரிய மண்டபம், பேண்டு வாத்தியம், மாப்பிள்ளை ஊர்வலம். ஊர்வலம் கற்பகம் வீட்டுத் தெரு முனை வழியாகப் போயிற்று. அந்தத் தெருவில்தான், ஆசிட் ஊற்றிய மறுநாள், இவன் கையை வெட்டணும் காலை வெட்டணும் தூக்கில் தொங்கவிடணும் என்று ஜனங்கள் ரோட்டை மறித்து நின்றார்கள். அதில் பாதிப் பேர் மண்டபத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். கற்பகத்தின் அம்மாவே சொன்னாள்: "எங்க எதுர் வூட்டுக்காரம்மா தாம்பூலப் பைய கையில புட்ச்சுக்கினு வருதும்மா. என்னப் பாத்து சிரிக்குது."

அதனால்தான் எனக்குச் "சுட்டுத் தள்ளு" என்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. கத்திவிட்டுப் போக யாருக்கு என்ன செலவு? அந்தப் பெண்ணோடு ஒரு வாய்தாவுக்குப் பஸ் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர்? மாடிப்படியில் நின்று பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர் இன்ஸ்டிடியூட் நடத்திய பெரியவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அன்றைக்குக் கண்ணே தெரியவில்லையாம்.

செங்கல்பட்டில் அவள் சாட்சி சொன்ன அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அதே வக்கீல், அதே "தானாகச் சிந்தியது". போலீஸில் சொல்லாததை இப்போது ஜோடிக்கிறாள் என்று ஒரு பிடி பிடித்தார். அவள் அசையவில்லை. டாக்டரும் முதுகுக் காயத்தைப் பற்றி முன்பு சொன்னதையே சொன்னார்.

தீர்ப்பு நாளிலும் போயிருந்தேன். கொலை முயற்சி நிரூபணமாகிவிட்டது என்று ஜட்ஜ் வாசித்தபோது கற்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், சட்டப்படி, தண்டனை பற்றி என்ன சொல்ல விரும்புகிறாய் என்று எதிரியைக் கேட்டார். கேட்க வேண்டியதுதான், தப்பே இல்லை. ஆனால் எரிந்தவளிடம் கேட்க ஒரு வரி கூட அந்தச் சட்டப் புத்தகத்தில் அன்றைக்கு இல்லையே, அது எந்த ஊர் நியாயம்?

அவன் கையைக் கட்டிக்கொண்டு அழுதான். "இப்பத்தான் கல்யாணம் ஆச்சுங்க ஐயா. என் பொண்டாட்டி மாசமா இருக்கா. வயசான அப்பா அம்மா இருக்காங்க. கருணை காட்டணும்."

கற்பகம் எழுந்து நின்றாள். அங்கிருந்த டவாலி, "உக்காரும்மா, உக்காரு" என்று ஓடிவந்தான். ஜட்ஜ் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா சார்?"

"சொல்லும்மா."

"அவனுக்குப் பொறக்கப் போறது பொண்ணா இருந்தா, அன்னைக்கு எனக்கு என்ன வயசோ, அந்த வயசு அதுக்கு வர்ற வரைக்கும் இவன உள்ள வைங்க. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்."

எதிரியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் இத்தனை வருஷமாக வக்கீல்களும் ஜட்ஜுகளும் தண்டனையைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துப்போனதைக் கேட்டவள். தூக்கும் கேட்காமல், ஆசிட்டும் கேட்காமல், அவனுக்கு உறைக்கிற மாதிரி ஒரு அளவு சொன்ன ஒரே ஆள் இவள்தான்.

ஜட்ஜ் மத்தியானத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, திரும்பி வந்து வாசித்தார். பத்து வருஷம் கடுங்காவல்.

வெளியே வந்ததும் அரசு வக்கீல்கள், தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாம் கற்பகத்தின் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, பத்து வருஷம் பெரிய தண்டனை, நீதி கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவும் அழுதுகொண்டே எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கற்பகம் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கொலை முயற்சின்னு எழுதிட்டாங்கம்மா, நீ கேட்ட மாதிரியே" என்றேன்.

"ஆமாம் மேடம்" என்றாள். அம்மா கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, "அவன் வெளிய வர்றப்ப அந்தக் கொழந்தை அஞ்சாவதுதான் படிச்சுக்கிட்டிருக்கும்" என்றாள்.